எட்டு மணிக்கு இறங்கும் ஷட்டர்

ஜூன் 7, சனி

மஸ்கட்டிலிருந்து மகள் மேகலா ஆள் மூலம் அனுப்பிய இரண்டு போன்களும் வந்து சேர்ந்தன. ஒன்று எனக்கு, ஒன்று பேத்தி பிரகதாவுக்கு. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே அளவு. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒரு வித்தியாசம் கிடைக்கவில்லை.

புது வேலை என்றால் புது நோட்டு. பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் ஆற்று மதகுகளையும் ஷட்டர்களையும் பார்த்தவன். வேலைக்கு முன்னால் வரிசைப்படுத்தி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே இந்த நோட்டில் வரப்போவது:

1. இரண்டு போன்களையும் நல்ல நேரம் பார்த்துத் தொடங்குவது. பிரகதாவின் போனை என் போனிலிருந்து கட்டுப்படுத்தும் ஆப்பை இரண்டிலும் ஏற்றுவது.
2. அவளுக்கு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். இரவு எட்டு மணிக்கு ஷட்டர் இறங்கும். காலை நாலரைக்கு ஏறும்.
3. கூடுதல் நேரம் கேட்பாள். காரணம் விசாரிப்பது, யோசிப்பது, முடிந்தவரை மறுப்பது. (என்னால் முடியுமா?)
4. என்னைப் பற்றி இதில் எழுத எதுவும் இராது. நான் போனில் பேசுவதோடு சரி.
5. ஜூலை கடைசியில் மேகலா எடுக்கப்போகும் முடிவு.

நான்காவதைத் தவிர வேறு எதிலும் எனக்கு நிச்சயம் இல்லை.

ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்கி வைக்கிறேன். மேகலாவுக்கும் மாப்பிள்ளை ராம்கிக்கும் அங்கே ஆஸ்பத்திரி வேலை. பிரகதா இரண்டாம் வகுப்பிலிருந்து நன்னிலத்தில் என்னோடு இருக்கிறாள், இப்போது எட்டாவது. மே மாத லீவுக்கு அங்கே போனபோது ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் டேப்லெட் பார்த்தாளாம். மேகலா தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "வாரா வாரம் ரிப்போர்ட் எனக்கு வரும்ப்பா. ஜூலை முடியறதுக்குள்ள ஒன்றரை மணியில வந்து நிக்கலேன்னா திருச்சி ஹாஸ்டல்தான். அவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா நடிப்பா."

சரி என்றேன். மேகலாவிடம் நான் வேறெதுவும் சொன்னதாக நினைவில்லை.

பிரகதா போய்விட்டால் இந்த வீட்டில் நானும் மின்விசிறியும். போதும், படுக்கிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

முடித்துவிட்டேன். நானே, தனியாக, யாரையும் கேட்காமல்.

நடந்தது வரிசையாக. மூன்றரை மணிக்கு உட்கார்ந்தேன். ஒரு போனில் என் சிம், இன்னொன்றில் பிரகதாவின் சிம். பிறகு மாறிப்போகாதிருக்க ஒரு யோசனை: என் போனின் முதுகில் சந்தனப் பொட்டு, அவள் போனின் முதுகில் குங்குமப் பொட்டு. (இப்படி எனக்குத் தோன்றியதை நினைத்து நானே கொஞ்ச நேரம் மகிழ்ந்திருந்தேன்.) இரண்டிலும் ஆப்பை ஏற்றினேன். அது முதல் கேள்வி கேட்டது: இது யாருடைய போன், பெற்றோருடையதா, குழந்தையினுடையதா?

மணி பார்த்தேன். நாலு இருபத்தெட்டு. ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் பெற்றோர் யார், குழந்தை யார் என்று தீர்மானிக்கிற காரியத்தைப் போய் ராகு காலத்தில் செய்வானேன்? இரண்டையும் சாமி அலமாரியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆறு மணிக்கு வந்து எடுத்தால் இரண்டின் முதுகிலும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சமையலுக்கு வரும் கண்ணாத்தாள் விளக்கேற்றும்போது பார்த்திருக்கிறாள். "ஒண்ணுல வெறும் சந்தனம், ஒண்ணுல வெறும் குங்குமம், பார்க்க மொட்டையா இருந்திச்சிங்கய்யா. சாமிகிட்ட வெச்ச பொருளு. நான்தான் ரெண்டுக்கும் நிறைவா வெச்சேன்" என்றாள். அவள் முகத்திலிருந்த திருப்தியைப் பார்த்தபின் என்ன சொல்வது? நன்றி சொன்னேன்.

வலது பக்கம் வைத்தது என்னுடையது என்று ஞாபகம். வலது பக்கத்துப் போனில் 'பெற்றோர்' என்று தொட்டேன். இடது பக்கத்தில் 'குழந்தை'. பெயர் பிரகதா, வயது பதிமூன்று. ஒன்றரை மணி, எட்டு மணி, நாலரை மணி, ரிப்போர்ட் போக வேண்டிய மேகலாவின் முகவரி எல்லாம் ஒவ்வொன்றாக நிரப்பினேன். ஆறு ஐம்பதுக்கு வேலை பூர்த்தி. 'குழந்தை' போனை அவளிடம் கொடுத்தேன்.

ஏழு பத்துக்கு என் நண்பன் இராஜாங்கம் என்னைக் கூப்பிட்டான். மணி அடித்தது பிரகதாவின் கையில்.

கண்ணாத்தாள் இடம் மாற்றி வைத்திருக்கிறாள். எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு நிதானமாக யோசித்தேன். சிம் யாருடையதோ போன் அவருடையது. ஆகவே அவள் கையிலிருந்ததை நான் வாங்கிக்கொண்டு, என் கையிலிருந்ததை அவளிடம் கொடுத்தேன். ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது. அந்தக் காலத்தில் இவ்வளவு சீக்கிரம் நான் ஒரு பழுதைச் சரிசெய்ததே இல்லை.

எட்டு மணிக்கு என் போன் பூட்டிக்கொண்டது. 'இன்றைக்கு இவ்வளவுதான்' என்று ஒரு நிலாப் படம். முதலில் திடுக்கிட்டேன். அப்புறம் யோசிக்க யோசிக்க அதிலுள்ள நியாயம் புரிந்தது. கட்டுப்பாடு வைக்கிறவனுக்கும் கட்டுப்பாடு இருக்க வேண்டாமா? யார் செய்த ஆப்போ, மனுஷத் தன்மையோடு செய்திருக்கிறார்கள். போனைக் கீழே வைத்துவிட்டு, நியாயம்தான், நியாயம்தான் என்று வாய்விட்டே சொன்னேன் போலிருக்கிறது. வாசற்படியில் நின்ற பிரகதா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அவளுடையதும் பூட்டியிருக்கும். பாவம்.

ஜூன் 9, திங்கள்

காலை நாலரைக்குத் திறந்துகொண்டது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. இப்படி ஒரு ஷட்டர் என் சர்வீஸில் எனக்கு வாய்க்கவில்லை.

என் போனின் மூலையில் 'பிரகதா' என்று பெயர் தெரிகிறது. நான் கண்காணிக்கிற பிள்ளையின் பெயரை மறக்காதிருக்கப் போட்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு.

ஜூன் 11, புதன்

இன்று ஒரு விளம்பரம் வந்தது. கண்ணாடிக் குழாய்களில் நிறம் நிறமாகத் தண்ணீர். ஒரு நிறத்தை ஒரு குழாயில் சேர்க்க வேண்டும். விளம்பரத்தில் ஒரு கை அதைச் செய்கிறது, எப்படிச் செய்கிறது? காலியான குழாயை முதலிலேயே நிரப்பிவிடுகிறது. வடிகாலை அடைத்துவிட்டு வயலில் தண்ணீர் விடுவது போல. பார்க்கப் பொறுக்கவில்லை. ஐந்து தடவை அதே தப்பு.

இது எப்படிச் செய்யவேண்டும் என்று ஒரே ஒரு தடவை காட்டிவிட்டு விட்டுவிடலாம் என்று அந்த விளையாட்டை இறக்கப் போனேன். அனுமதி கேள் என்றது. கேட்டேன். மாலை ஐந்து மணி. ஒரு நிமிஷத்தில் அனுமதி வந்துவிட்டது. யாரிடமிருந்து? கம்பெனியிலிருந்துதான். என்ன சுறுசுறுப்பு.

லெவல் 9.

ஜூன் 12, வியாழன்

லெவல் 24. மேட்டூரைத் திறந்தாயிற்று என்று கண்ணாத்தாள் சொன்னாள்.

ஜூன் 15, ஞாயிறு

முதல் ரிப்போர்ட். மேகலா கூப்பிட்டாள். பிரகதா சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிஷம். "முதல் வாரம்தானேப்பா, போகட்டும்" என்றாள். குரல் 'போகட்டும்' என்கிற மாதிரி இல்லை.

எப்படி? ஒன்றரை மணிக்கு மேல் ஒரு சொட்டு போகக்கூடாது என்றல்லவா வைத்தேன்? எங்கோ கசிவு இருக்கிறது. ஆப்பைத் திறந்து 'பிரகதா' என்ற பக்கத்தைப் பார்த்தேன். இன்றைக்கு ஒரு மணி ஐம்பது என்றது. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு மணி. பிள்ளை கூடத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு என் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறாள். போன் பக்கத்தில் இல்லை. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

மேலும் ஒரு விசித்திரம். அவள் இதுவரை ஒரு தடவைகூட என்னிடம் கூடுதல் நேரம் கேட்கவில்லை. மூன்றாவது புள்ளிக்கு வேலையே வரவில்லை. பெருமையாக இருக்கிறது. சந்தேகமாகவும்.

ஜூன் 17, செவ்வாய்

என் ஒன்றரை மணி காலை ஆறேகாலுக்கே தீர்ந்துவிடுகிறது. கீழே 'கூடுதல் நேரம் கேள்' என்று ஒரு பொத்தான். முதலில் தொடக் கூச்சமாக இருந்தது. ஒரு அன்னிய கம்பெனியிடம் போய்க் கேட்பதா? ஆனால் போன வியாழக்கிழமை லெவல் 24 பாதியில் நின்றது. தொட்டேன். பதினைந்து நிமிஷம் வந்தது. மேலே ஏதோ ஒரு வரி வந்து போகிறது. மூக்குக் கண்ணாடியைத் தேடுவதற்குள் மறைந்துவிடுகிறது.

ஐந்து நாளாகக் குறித்துப் பார்த்ததில் ஒன்று தெரிகிறது. காலை எட்டரைக்கு மேல் கேட்டால் வராது. மாலை நாலரைக்கு மேல் கேட்டால் உடனே வரும். ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க வரும். ஆபீஸ் வேறு தேசத்தில் இருக்க வேண்டும். அவர்களுக்கு விடியும்போது நமக்குச் சாயங்காலம்.

முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும். காரணமே கேட்பதில்லை.

ஜூன் 19, வியாழன்

கம்பளம் துவைக்கும் வீடியோ என்று ஒன்று இருக்கிறது. ஏதோ ஒரு ஊரில் ஒரு ஆள் சேற்றில் கிடந்த கம்பளத்தை எடுத்துவந்து விரித்து, தண்ணீரைப் பீய்ச்சுகிறான். முதலில் கறுப்பாக ஓடுகிறது. பிறகு பழுப்பு. பிறகு கலங்கல். பிறகு தெளிவு. கடைசியில் கம்பளத்தில் ஒரு மயில் இருப்பது தெரிகிறது. நாற்பது நிமிஷம். அந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. மயில் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

பிரகதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னும் இருக்கு தாத்தா, இவரே நானூறு கம்பளம் போட்டிருக்காரு" என்றாள்.

நானூறு.

ஜூன் 23, திங்கள்

இரண்டாவது ரிப்போர்ட். நாலு மணி பத்து நிமிஷம்.

மேகலா நேற்று கூப்பிட்டது என்னை உலுக்கிவிட்டது. "அப்பா, அவ காலைல நாலு முப்பத்தஞ்சுக்குப் போனை எடுக்கிறா. தினமும். அந்த நேரத்துல கம்பளம் துவைக்கிறதைப் பார்க்கிறா. எட்டாவது படிக்கிற பொண்ணு எதுக்குப்பா கம்பளம் துவைக்கிறதைப் பார்க்கணும்? மூட்டு வலிக்கு என்ன எண்ணெய்னு வேற தேடியிருக்கா. உடம்புக்கு ஏதாவது பண்ணுதா அவளுக்கு?"

எனக்கும் மூட்டு வலி உண்டு. இது பரம்பரையாக வருமா?

அப்புறம்தான் பொறி தட்டியது. நான் பார்ப்பதைப் பார்த்துப் பிள்ளை பழகுகிறாள். ஐயோ, நான்தான் காட்டிப் பழக்கிவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று தீர்மானித்து, காலை நாலேகாலுக்கே அவள் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவு திறந்தே இருந்தது. பிள்ளை போர்வையைக் காலடியில் உதைத்துவிட்டுத் தூங்கினாள். நாலரை. எனக்குக் கண் செருகியது. தூங்கிவிடக் கூடாதே என்று என் போனை எடுத்து விளையாடினேன். ஐந்தரைக்கும் அவள் அசையவில்லை.

மறக்காமல் உடனே ஆப்பில் பார்த்தேன். 'பிரகதா, இன்று: நாலு முப்பத்திரண்டு முதல் ஐந்து முப்பது வரை.'

என் உடம்பு சிலிர்த்துவிட்டது. படுத்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் பார்க்கிறாள்?

லெவல் 188.

ஜூன் 27, வெள்ளி

முடிகொண்டான் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாம். சர்வீஸில் இருந்தபோதும் சரி, ஓய்வுக்குப் பின்னும் சரி, முதல் தண்ணீரைப் பாலத்தில் நின்று பார்க்காமல் நான் இருந்ததில்லை. நாளைக்குப் போக வேண்டும். லெவல் 226.

ஜூன் 28, சனி

போகவில்லை. 239.

ஜூன் 30, திங்கள்

மூன்றாவது ரிப்போர்ட். ஐந்து மணி இருபது நிமிஷம்.

மேகலா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஜூலை கடைசிவரை காத்திருப்பதில் அர்த்தமில்லை என்றாள். ஹாஸ்டல் விண்ணப்பத்தை நிரப்பி வைத்துவிட்டாளாம். வரும் ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறாளாம். "உங்க மேல தப்பில்லப்பா. உங்களால முடிஞ்சதை நீங்க பண்ணீங்க" என்றாள்.

என்ன பண்ணினேன். என்னத்தப் பண்ணினேன் நான். ஒரு சின்ன ஷட்டர். அதை ஒழுங்கா மூடத் தெரியல. இவ்வளவு கசிவு எங்கேர்ந்து வருது?

பிரகதா சாப்பிட வரச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டாள். தட்டில் அப்பளத்தை நொறுக்கி என் பக்கம் தள்ளினாள், எனக்கு நொறுங்கினதுதான் பிடிக்கும் என்று. இந்தப் பிள்ளையா?

ஜூலை 2, புதன்

எப்படி எழுதுவேன். எழுத எழுதச் சிரிப்பு வருகிறது.

மாலை ஐந்து மணி. பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் நானும் இராஜாங்கமும். அவன் ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர். போன மாதம்தான் கண் ஆபரேஷன் ஆகி, பார்வை பருந்து போல இருக்கிறது. ஊரிலுள்ள போர்டையெல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவான். மனசு சரியில்லாததால் நான் விளையாடிக்கொண்டிருந்தேன். நேரம் தீர்ந்தது. வழக்கம்போலப் பொத்தானைத் தொட்டேன். அந்த வரி மேலே வந்தது. இராஜாங்கம் எட்டிப் பார்த்துப் படித்தான்.

"'உங்கள் பெற்றோர் முப்பது நிமிடம் அனுமதித்துள்ளார்.' ஏன்யா துரைராசு, உங்க அப்பாரு போய்ச் சேர்ந்து முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இன்னும் அனுமதி குடுத்துக்கிட்டா இருக்காரு?"

அவன் போனைப் பிடுங்கி, ஒரு தாவாப் பத்திரத்தைப் புரட்டுகிற பொறுமையோடு அங்கே இங்கே தொட்டான். பிறகு கண்ணாடியில்லாத கண்ணால் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இந்தப் போனோட பட்டா பிரகதா பேர்ல இருக்குய்யா. வயசு பதிமூணு. அனுபவம் மட்டும்தான் உன்னுது."

சந்தனம். குங்குமம். வலது பக்கம். கைமாற்றியது. எல்லாம் ஒரே சமயத்தில் தலைக்குள் வரிசையாக வந்து நின்றன. சிம்மை மாற்றியிருக்க வேண்டும். நான் போனை மாற்றினேன். நாலரை மணிக்குக் கம்பளம் பார்த்த குழந்தை நான். மூட்டு வலிக்கு எண்ணெய் தேடிய குழந்தை நான். கசிவு நான். மாலை நாலரைக்கு மேல் சுறுசுறுப்பாகும் அந்த வெளிநாட்டு ஆபீஸ், பள்ளிக்கூடம் விட்டு வருகிற என் பேத்தி.

இராஜாங்கம் சிரித்த சிரிப்பில் டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். நானும் சிரித்தேன். டீ என் வேட்டியில் கொட்டியது. கண்ணிலிருந்து தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தேன். தெருமுனை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தேன். அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

வீட்டில் பிரகதா தரையில் படுத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"முதல் நாள்லேர்ந்து. சொல்லத்தான் வந்தேன் தாத்தா. நீங்க போனைக் கீழ வெச்சிட்டு 'நியாயம்தான், நியாயம்தான்'னு தனியா பேசிக்கிட்டு இருந்தீங்க. சிரிப்பு வந்திடுச்சு, ஓடிட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே?"

"அப்புறம் நீங்க அம்பதாவது லெவல் முடிச்சிட்டு வந்து காமிச்சீங்க. எப்படிச் சொல்றது?"

அவளுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருந்தது. மேகலாவுக்குக் கொடுத்த வாக்கை மீறி, ரிப்போர்ட்டையும் ஹாஸ்டலையும் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள். திருச்சி என்றேன். நீங்க, என்றாள். நான் இங்கேதான் என்றேன். ரொம்ப நேரம் நோட்டின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப உங்களுக்கு யாரு நேரம் குடுப்பா?"

ஜூலை 4, வெள்ளி

இரண்டு நாளாக ஒரு வழி மனதில் ஓடுகிறது. அசிங்கமான வழி. எழுதிவிட்டால் போய்விடும் என்று எழுதுகிறேன்.

நான் போனைத் தொடாமல் இருந்தால் போதும். இந்த வார ரிப்போர்ட் சடாரென்று இறங்கும். பிள்ளை திருந்திவிட்டாள் என்று மேகலா நினைப்பாள். விண்ணப்பத்தை நிறுத்திவைப்பாள். நான் முதல் பக்கப் பட்டியலில் எழுதியபடியே கௌரவமாக இருந்துகொள்ளலாம். யாருக்கு நஷ்டம்?

பிரகதாவுக்கு. ஐந்து மணி இருபது நிமிஷம் அவள் பேரில் நிற்கும். இனி எந்தப் பரீட்சையில் மார்க் குறைந்தாலும் அவள் அம்மா அந்த எண்ணைத்தான் எடுப்பாள்.

தெரியுது. நல்லாவே தெரியுது. ஆனா மேகலா கேப்பாளே — உங்களை நம்பித்தானே விட்டேன், ஒரு மாசமா என் பொண்ணை யாருமே பார்க்கலையான்னு கேப்பாளே. அதுக்கு என்ன சொல்ல? எழுபத்தொரு வயசு. பாத்திரத்துல தண்ணி ஊத்தி விளையாடிக்கிட்டு இருந்தேன்னு சொல்லவா?

ஒழுங்குபடுத்திப் பதினொரு புள்ளிகள் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

முடிந்தது. நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் படபடப்புத் தாங்காமல் விளையாடிவிட்டேன். ஆகவே பத்து மணிக்கு மேகலாவை வீடியோவில் கூப்பிடலாம் என்று எடுத்தபோது ஒன்றரை மணியும் தீர்ந்து போன் பூட்டிக் கிடந்தது. இதைவிடக் கேவலம் ஒரு மனுஷனுக்கு வர முடியாது. 'கூடுதல் நேரம் கேள்' தொட்டேன். 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இத்தனை நாள் நிரப்பியதில்லை. 'உண்மையைச் சொல்ல' என்று எழுதி அனுப்பினேன்.

பக்கத்து அறையில் டிங் என்று சத்தம். பிரகதா தன் போனோடு வந்து என் முன்னால் நின்றாள்.

"பதினஞ்சு நிமிஷம் போதுமா தாத்தா?"

"போதாது."

"அப்ப முப்பது" என்று அழுத்தினாள். போகாமல் என் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மேகலா வந்தாள். பின்னால் ராம்கி ஷேவ் செய்துகொண்டிருந்தார். நான் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. சொன்னால் அதிலேயே ஒளிந்துகொள்வேன் என்று எனக்குத் தெரியும்.

"அம்மா மேகலா, அந்த அஞ்சு மணி இருபது நிமிஷம் என்னுது."

அவளுக்குப் புரியவில்லை. சந்தனத்திலிருந்து ஆரம்பித்தேன். ராகு காலம், கண்ணாத்தாள், கைமாற்றம், கண்ணாடிக் குழாய், கம்பளம், மயில், எண்ணெய், நாலேகால் மணிக்குப் பிள்ளையின் அறை வாசலில் நாற்காலி போட்டது — ஒன்றையும் விடவில்லை. முடித்தபோது அவள் முகத்தைக் கையால் மூடியிருந்தாள். தோள் குலுங்கியது. அழவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு ஒரு கேவல் போல வந்தது, அது சிரிப்பு. மேகலா இப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை வருஷம். ராம்கி பாதி முகத்துச் சோப்போடு குனிந்து, "மாமா, எந்த லெவல்ல இருக்கீங்க?" என்று கேட்டார். 271 என்றேன். அவர் 140தானாம்.

ஆனால் மேகலா மேகலாதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அங்கே வந்துவிட்டாள். "அப்ப ஒரு மாசமா இவளை யாருமே பார்க்கலை. அப்படித்தானே?"

ஆமாம் என்றேன்.

பிரகதா தன் போனை நீட்டினாள். அவள் எவ்வளவு பார்த்தாள் என்று அதிலேயே ஒரு பக்கம் இருக்கிறது, பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அதைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். எனக்கு அந்த எண் தெரியாது. கேட்கவும் தைரியம் வந்ததில்லை. பூட்டில்லாத போன், பதிமூன்று வயது, ஒரு மாதம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போன ஞாயித்துக்கிழமை ரெண்டே முக்கால் மணி பார்த்தேன்ம்மா. அது தப்புதான். மொத்தமா சராசரி ஒரு மணி இருபத்திரண்டு நிமிஷம்." திரையில் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "அதுல எட்டு நிமிஷம் தாத்தாவுக்கு நேரம் குடுத்தது."

மேகலா அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராம்கி தண்ணீரைத் திறந்துவிட்டுவிட்டு மூட மறந்து நின்றார். அவர்கள் வீட்டுக் குழாய்ச் சத்தம் நன்னிலம் வரை கேட்டது.

"விண்ணப்பத்தை அனுப்பலை" என்றாள் மேகலா. "இவ இனிமே ராத்திரி சாப்பாட்டுக்கு உட்காரும்போது அன்னிக்கு எவ்வளவுன்னு எல்லார் முன்னாடியும் வாசிக்கணும்."

நான் அவசரமாகச் சொன்னேன்: இன்றைக்கே இரண்டு போனையும் சரியாக மாற்றிவைத்துவிடுகிறேன், ராகு காலத்துக்கு முன்னாலேயே.

"ஒண்ணையும் தொடாதீங்கப்பா. அப்படியே இருக்கட்டும்."

முப்பது நிமிஷம் முடிந்து போன் பூட்டிக்கொண்டது. நிலாப் படம். பகல் பத்தரைக்கு.

ஜூலை 13, ஞாயிறு

ரிப்போர்ட்: 'பிரகதா', அதாவது நான், மூன்று மணி ஐந்து நிமிஷம். பிரகதா, அதாவது பிரகதா, ஒரு மணி பதினெட்டு. சாப்பாட்டில் இரண்டையும் வாசித்தாள். கண்ணாத்தாளுக்கு ஒரே சந்தோஷம். தான் பொட்டு வைத்ததால்தான் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்கிறாள். ஒரு வகையில் மறுக்க முடியவில்லை.

இராஜாங்கம் தெருவில் கத்துகிறான்: "என்னய்யா, இன்னிக்கு உன் போனை ஜப்தி பண்ணலையா?"

ஜூலை 20, ஞாயிறு

இரண்டு மணி பத்து.

ஜூலை 31, வியாழன்

மாதம் முடிகிறது. மேகலா கூப்பிட்டாள், ஹாஸ்டல் என்ற சொல் எங்கேயும் வரவில்லை. தீபாவளிக்கு வருகிறார்களாம். ராம்கி 205ஐத் தாண்டிவிட்டாராம். அதைச் சொல்லும்போது மேகலாவின் குரலில் அந்தப் பழைய கடுப்பு. இப்போது குறி வேறு.

மாலை ஐந்து மணிக்கு லெவல் 298ல் நேரம் தீர்ந்தது. பொத்தானைத் தொட்டேன். இரண்டு காலிக் குழாய், ஒரே ஒரு நீலம் பாக்கி. மூக்குக் கண்ணாடியை முன்னாலேயே போட்டுக்கொண்டு காத்திருந்தேன். வரி வந்தது. 'உங்கள் பெற்றோர் மறுத்துள்ளார்.'

இத்தனை நாளில் முதல் தடவை. எழுந்து உள்ளே போனேன். பிரகதா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"காரணம் எழுதலையே தாத்தா."

விளையாடத்தான் என்றேன்.

"ஆத்துல தண்ணி வந்து ஒரு மாசம் ஆச்சு. இன்னும் நீங்க போய்ப் பார்க்கவே இல்ல."

போனோம். பாலத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் கலங்கலைத் தாண்டித் தெளிய ஆரம்பித்திருந்தது. ஒரு வாழை மட்டை சுற்றிச் சுற்றி வந்து மதகில் முட்டியது. மூன்றாவது ஷட்டர் இன்னும் கசிகிறது. என் காலத்திலிருந்தே கசிகிறது. "கசியுதே" என்றாள் பிரகதா. ஆமாம் என்றேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், நாற்பது நிமிஷம் இருக்கும். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது மணி ஏழு ஐம்பது. முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'என்னைப் பற்றி இதில் எழுத எதுவும் இராது' என்ற நான்காவது புள்ளி தவறு.